பேருந்தில் ஓரிடம்: தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும்

புக்கிட் ரோத்தான் என்னும் மலாய்ப் பெயரைத் தமிழாக்கினால் பிரம்புமலை என்றாகும். கிள்ளானிலிருந்து கடலோரமாக வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், கோல சிலாங்கூர் நகரை அடையுமுன் எதிர்ப்படும் சிற்றூர் அது. அவ்வூர்ப் பெயரிலுள்ள பிரம்புக்கும் இங்கே ஆராயப்படும் பொருளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேனாடுகளில் செய்யப்பட்ட சக்கர நாற்காலிகள் பலவற்றின் இருக்கையும் முதுகும் பிரம்பினால் பின்னப்பட்டிருந்தன. குழந்தையைக் கிடத்தித் தள்ளிச் செல்லும் வண்டிகளுள்ளும் பல, பிரம்பும் மிலாறும் கொண்டு முடைந்த கூடைகளே. இவ்வாறு பின்னலால் உறவு பூண்ட இவ்விரு வண்டிகளும் பின்னாளிற் பேருந்துக்குள் ஒரே இடத்தை நாடி எதிரெதிரே நிற்க நேர்ந்தது. அவ்விடம் யாருக்கு உரியது என்னும் வினா இங்கிலாந்து நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சிறு வழக்காகத் தோன்றினும், பொதுவாழ்வில் ஒருவர்க்கொருவர் இடங்கொடுத்தல் என்பது இரக்கத்தின்பாற் பட்டதா, உரிமையின்பாற் பட்டதா என்னும் பெரிய கேள்வி அதனுள் அடங்கியிருக்கின்றது.

இரு வண்டிகளின் வரலாறு

சக்கரத்தையும் குழந்தையையும் இணைத்துப் பார்ப்பது தமிழர்க்குப் புதியதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்றுகாற் சிறுதேரைப் பேசுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமும் சிறுதேர்ப் பருவமே. ஆயினும், அத்தேர் குழந்தை உருட்டும் தேர். குழந்தையை ஏற்றி உருட்டும் தேர் அன்று. நடைவண்டியும் அத்தகையதே. தமிழகத்துத் தாய் குழந்தையை இடுப்பில் வைத்தாள், தோளிற் சாய்த்தாள், உறங்கும்பொழுது தூளியில் இட்டாள். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் வழக்கம் ஐரோப்பாவிலே தோன்றியது. இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் என்னும் கலைஞர் 1733ஆம் ஆண்டளவில் டெவன்ஷயர்க் கோமகனின் பிள்ளைகளுக்கென ஒரு சிறு வண்டி செய்து கொடுத்தார். ஆட்டுக்குட்டியோ குதிரைக்குட்டியோ இழுத்துச் செல்லும் அந்தச் செல்வர்வீட்டு விளையாட்டுப் பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கையால் தள்ளும் வண்டியாகிப் பொதுமக்களிடையே பரவிற்று.

சக்கர நாற்காலியின் வரலாறும் நெடியது. ஜெர்மனியில் நூரன்பெர்க் நகருக்கு அருகில் வாழ்ந்த ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்னும் கடிகாரத் தொழிலாளர், தாம் நடக்க இயலாதவராதலின், 1655ஆம் ஆண்டில் கையாற் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தமக்கெனச் செய்துகொண்டார். பிறர் தள்ளாமல் தாமே செல்லவேண்டும் என்னும் வேட்கை அப்பொழுதே வெளிப்பட்டமை கருதத்தக்கது.

இவ்விரு வண்டிகளையும் மடக்கக்கூடியனவாக மாற்றியவர்கள் பொறியாளர்களே. அமெரிக்காவில் சுரங்க விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவரும், அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்பவரும் 1933ஆம் ஆண்டில் எஃகுக் குழாய்களால் ஆன மடக்கு நாற்காலியைச் செய்தனர். காரின் உள்ளே வைத்து எடுத்துச் செல்வதே அவர்கள் நோக்கம். இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர்ப் போர்விமானத்தின் சக்கர அமைப்பை வகுத்த பொறியாளர்களுள் ஒருவரான ஓவன் மக்லாரன், ஓய்வு பெற்றபின் 1965ஆம் ஆண்டில் அலுமினியக் குழாய்களாற் குழந்தை வண்டியொன்றை அமைத்தார். குடைபோல மடங்கும் அவ்வண்டியின் எடை மூன்று கிலோவிற்கும் குறைவு. ஒரு கையிற் குழந்தையையும் மறு கையில் வண்டியையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறலாம் என்னும் நிலை அதனால் வந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். தள்ளுவண்டியை மடக்கும்பொழுது குழந்தை தாயின் கைக்கு வந்துவிடுகின்றது. சக்கர நாற்காலியை மடக்கினாலோ அதில் அமர்ந்திருப்பவர்க்குக் கால் இல்லாமற் போகின்றது. பின்னர் எழுந்த வழக்கு முழுவதும் இவ்வேறுபாட்டின் மேலேயே நின்றது.

படியேற இயலாதவர் பெற்ற இடம்

நெடுங்காலம் பேருந்தின் தளம் உயரமாகவே இருந்தது. இயந்திரமும் அச்சும் அடியில் இருக்க, அவற்றின்மேல் தளம் அமைந்தது. இரண்டு மூன்று படிகள் ஏறியே உள்ளே செல்லவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கு அப்படிகளே மதிற்சுவர். தாய்மார்க்கும் அவை இடரே. எனினும், வண்டியை மடக்கிக் குழந்தையைத் தூக்கி அவர்கள் ஏறிவிட்டனர்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் 1978ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், சக்கர நாற்காலியிற் செல்வோர் பத்தொன்பது பேர் போக்குவரத்து மிக்க ஒரு நாற்சந்தியிற் பேருந்துகளை மறித்தனர். சிலர் நாற்காலியை விட்டிறங்கிச் சாலையிலேயே படுத்தனர். மறியல் மறுநாளும் நீடித்தது. பொதுப் பணத்தில் ஓடும் வண்டியிற் பொதுமக்களுள் ஒரு சாராரால் ஏற இயலவில்லை என்பதே அவர்கள் முறையீடு. அந்நகரிற் பிறந்த இயக்கம் 1983ஆம் ஆண்டில் நாடு தழுவிய அமைப்பாகியது. ஏழாண்டுகள் கழித்து, 1990ஆம் ஆண்டில், உடற்குறையுடையோர்க்கான அமெரிக்கச் சட்டம் நிறைவேறியது.

இங்கிலாந்திலும் 1990களில் இத்தகையோர் பேருந்துகளோடு தம்மைச் சங்கிலியாற் பிணைத்துக்கொண்டு போராடினர். தளத்தைத் தாழ்த்திப் படியை நீக்கிய தாழ்தளப் பேருந்துகள் இலண்டனில் 1994ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கின. 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அரசாங்க விதிகள், பேருந்துக்குள் 1.3 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் உடைய ஓரிடம் சக்கர நாற்காலிக்கென அமைந்திருத்தல் வேண்டும் என்று அளவிட்டே கூறின.

இவ்வாறு உண்டான இடம் வேறொருவருக்கும் பயன்பட்டது. படி இல்லாத வண்டியில் தாய் தன் தள்ளுவண்டியை மடக்காமலே ஏற்றலாம். உறங்கும் குழந்தையை எழுப்பவேண்டியதில்லை. கடையில் வாங்கிய பொருள்களையும் வண்டியிலேயே தொங்கவிடலாம். சக்கர நாற்காலி எப்பொழுதேனும் வருவது. தள்ளுவண்டியோ நாள்தோறும் வருவது. ஆகவே, வெறுமையாகக் கிடந்த இடத்திற் குழந்தை வண்டிகள் நிற்கலாயின. ஒருவர் போராடிப் பெற்றதை மற்றவரும் நுகர்ந்தனர். அதிற் பிழை யாதும் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் வந்தபொழுதுதான் சிக்கல் பிறந்தது.

வெதர்பியில் நின்ற பேருந்து

2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள், டக் பாலி என்பவர் இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரிலிருந்து லீட்ஸ் நகருக்குச் செல்லப் பேருந்துக்குக் காத்திருந்தார். லீட்ஸில் இரயிலேறித் தம் பெற்றோரைக் காணச் செல்லவேண்டும் என்பது அவர் எண்ணம். பேருந்து வந்தது. சக்கர நாற்காலிக்குரிய இடத்தில் ஒரு தாய், உறங்கும் குழந்தையோடு தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தார். தேவைப்பட்டால் இடத்தை விட்டுத் தருமாறு கேட்கும் அறிவிப்பு அங்கே ஒட்டப்பட்டிருந்தது. ஓட்டுநரும் அவ்வாறே கேட்டார். தம் வண்டி மடங்காது என்று கூறி அத்தாய் மறுத்துவிட்டார்.

அதன்பின் பாலி சொன்னது எண்ணத்தக்கது. தம் நாற்காலியையே மடக்கிவைத்துவிட்டுப் பயணிகள் இருக்கையில் அமர்ந்துகொள்வதாக அவர் கூறினார். வளைந்து வளைந்து செல்லும் அப்பாதையில் மடக்கிய நாற்காலியைக் கட்டிவைக்க வழியில்லை என்று ஓட்டுநர் அதற்கு இசையவில்லை. பாலி அடுத்த பேருந்திற் சென்றார். லீட்ஸில் இரயிலைத் தவறவிட்டமையால், தாம் எண்ணிய வேளைக்கு ஒரு மணி நேரம் தாழ்ந்தே சென்று சேர்ந்தார்.

பேருந்து நிறுவனமாகிய ஃபர்ஸ்ட்குரூப்பின் மீது அவர் வழக்குத் தொடுத்தார். 2013ஆம் ஆண்டில் லீட்ஸ் நகர நீதிமன்றம் அவர்க்கு 5,500 பவுன் இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தது. மறுஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. இடத்தை விடுமாறு கேட்பதோடு நிறுவனத்தின் கடமை முடிந்தது. மறுப்பவரைக் கட்டாயப்படுத்தவேண்டும் என்பதில்லை என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து. இறுதியாக, ஏழு நீதிபதிகள் கூடிய உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் தீர்ப்புக் கூறியது.

அத்தீர்ப்பு இரு பக்கமும் நோக்கியது. ஒருமுறை கேட்டுவிட்டு வாளா இருப்பது போதாது என்பதில் நீதிபதிகள் எழுவரும் ஒன்றுபட்டனர். தக்க காரணமின்றி ஒருவர் மறுக்கின்றார் என்று ஓட்டுநருக்குத் தோன்றினால், வேண்டுகோளை வலியுறுத்தலாக மாற்றவேண்டும். சூழ்நிலை இடங்கொடுத்தால் வண்டியைச் சில நிமிடம் நகர்த்தாமல் நிறுத்தியேனும் அவரை உணரச் செய்யவேண்டும். எனினும், எக்காரணத்தையும் கேளாமல் அவரை இறக்கிவிடவேண்டும் என்று நீதிமன்றம் கூறவில்லை. இழப்பீட்டைப் பொறுத்தமட்டில் கருத்து வேறுபட்டது. நால்வர் மறுக்க, மூவர் தரவேண்டும் என்றனர். பாலிக்குப் பணம் கிடைக்கவில்லை, கொள்கை கிடைத்தது.

தாயின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இரட்டைக் குழந்தைகளோடு தனியே செல்பவர் உண்டு. அறுவை மகப்பேற்றின்பின் சுமை தூக்கலாகாதவர் உண்டு. தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையே நடக்க இயலாத குழந்தையாயும் இருக்கலாம். இவற்றை அறிந்தே நீதிமன்றம் தக்க காரணம் என்னும் வாயிலைத் திறந்து வைத்தது. ஆனால், குழந்தை உறங்குகின்றது என்பதும், மறுபடியும் மடக்கி விரிப்பது தொல்லை என்பதும் வசதிக்குறைவேயன்றி இயலாமை அல்ல. வசதிக்குறைவும் இயலாமையும் எதிரெதிரே நிற்குமிடத்து முன்னது வழிவிடுதலே முறை என்பது அத்தீர்ப்பிலிருந்து பெறப்படும் பாடம்.

சிங்கப்பூரும் சென்னையும்

இவ்வினாவைத் தமிழர் வாழும் நாடுகளும் சந்தித்தன. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டு முதல் சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்துகள் ஓடலாயின. 2020ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் எல்லாப் பொதுப் பேருந்துகளும் அத்தகையன ஆயின. தள்ளுவண்டியை மடக்கியே ஏறவேண்டும் என்றிருந்த வழக்கம் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் தளர்த்தப்பட்டது. விரித்த வண்டியோடு ஏறலாம். ஆனால், சக்கர நாற்காலியில் வருவோர்க்கே முதலுரிமை என்பது அவ்விதியோடு சேர்ந்தே வந்தது. இங்கிலாந்தில் இடம் முதலிலும் சச்சரவு பின்னரும் விளக்கம் இறுதியிலும் வந்தன. சிங்கப்பூரிலோ அனுமதியும் வரிசைமுறையும் ஒரே நாளிற் சொல்லப்பட்டன.

சென்னையின் நிலை வேறு. அங்கே இருவர் ஓரிடத்துக்குப் போட்டியிடும் காலம் வருமுன், அவ்விடம் உண்டாவதற்கே வழக்காடவேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், போக்குவரத்தை அவர்கள் அணுகத்தக்கதாக்கும் கடமையை அரசுகளின்மேற் சுமத்தியது. ஆயினும், உயர்ந்த தளமுடைய வண்டிகள் வாங்கப்படுவதை எதிர்த்து வைஷ்ணவி ஜெயக்குமார் என்பவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். சாலையின் நிலையும் செலவும் தடைகளாக எடுத்துரைக்கப்பட்டன. அவ்வழக்கின் பயனாக மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை வாங்க முற்பட்டது. அவற்றுள் முதல் 58 வண்டிகள் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் சென்னைச் சாலைகளில் இறங்கின.

தோட்டமும் தொலைவும்

இனி, பிரம்புமலைக்கு மீள்வது பொருந்தும். கோல சிலாங்கூர் வட்டாரம் தமிழர் வியர்வையால் விளைந்த பூமி. மலேசியாவில் வாணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்ட தோட்டம் இவ்வட்டாரத்திலேயே, பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு வழங்கிய பெஸ்தாரி ஜெயாவின் அருகே இருக்கின்றது. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைத் தொடங்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்ச் சொல்லே ஆங்கில எழுத்தில் ஏறி நிலைத்துவிட்டது.

அந்நாளைய தோட்ட வாழ்வில் எல்லாம் நடை தொலைவுக்குள் இருந்தன. பெரட்டுக்குக் கூடும் களம், லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, மருந்தகம் ஆகிய யாவும் ஒரே எல்லைக்குள் அடங்கின. விடியற்காலையிற் பால்வெட்டச் செல்லும் தாய், குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். அங்கே வரிசையாகத் தூளிகள் தொங்கும். தள்ளுவண்டிக்கு அங்கு வேலையில்லை. நடக்க இயலாதவரோ லயத்து வாசலில் அமர்ந்திருப்பார். அவரைப் பேருந்தில் ஏற்றவேண்டும் என்னும் எண்ணமே எழவில்லை. அது வசதியான வாழ்வு அன்று. அவருடைய உலகம் அவ்வாசலோடு முடிந்தது என்பதே உண்மை. ஆயினும், தொலைவு என்னும் தடை அந்நாளில் இத்துணைப் பெரிதாக நிற்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், இரப்பர் செம்பனையாக மாறியும், பின்னர் நிலம் வீடமைப்புக்கும் தொழிலுக்கும் விற்கப்பட்டும் போகப் போக, மக்கள் சிறு நகரங்களுக்கும் தாமான் வீடுகளுக்கும் பெயர்ந்தனர். ஆயாக் கொட்டகையும் தோட்ட மருந்தகமும் அவர்களோடு பெயரவில்லை. புக்கிட் ரோத்தானில் வாழ்பவர் பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டுமாயின், சிலாங்கூர் ஆற்றைக் கடந்து தஞ்சோங் காராங்குக்கோ, தெற்கே கிள்ளானில் உள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ செல்லுதல் வேண்டும். தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டு செல்லும் தாய்க்கும், புண்ணாறாத காலுக்கு மருந்து கட்டச் செல்லும் முதியவர்க்கும் சாலை ஒன்றே.

அம்முதியவர் அரிதானவர் அல்லர். 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மலேசியத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு, வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்ததாகக் கண்டது. இந்தியரிடையே அவ்வளவு ஏனை இனத்தாரினும் மிகுதி. முற்றிய நீரிழிவு காலைக் கொள்ளும் நோய் என்பது யாவரும் அறிந்ததே. எனவே, சக்கர நாற்காலி பிறர் வீட்டுப் பொருள் என்று எவரும் எண்ணியிருத்தற்கு இடமில்லை.

மலேசியச் சட்டமும் இவ்வுரிமையைக் கூறியுள்ளது. 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், அதன் 27ஆம் பிரிவில், பொதுப் போக்குவரத்தை மற்றவரோடு ஒப்பப் பயன்படுத்தும் உரிமை அவர்கட்கு உண்டு என்று மொழிந்தது. 2010ஆம் ஆண்டில் மலேசியா இதுபற்றிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கையையும் ஏற்றது. ஆனால், 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிலையில் அச்சட்டம் உரிமையைச் சொன்னதேயன்றி, அவ்வுரிமையை மறுப்போர்க்குத் தண்டனை விதிக்கவில்லை. அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுப்பதற்கும் அது காப்பு வைத்தது. வெதர்பிப் பயணி நீதிமன்றத்தில் நின்றதுபோல நிற்பதற்கு அச்சட்டத்தில் ஊன்றுகோல் இல்லை.

ஈகையா, ஒப்புரவா?

திருவள்ளுவர் அறத்துப்பாலில் ஒப்புரவறிதல் என்றோர் அதிகாரமும், அதனையடுத்து ஈகை என்றோர் அதிகாரமும் வைத்தார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே. எனினும், ஒன்றாக வையாமல் இரண்டாக வகுத்தமைக்குக் காரணம் உண்டு. ஈகை வறியவர்க்கு இரங்கிக் கொடுப்பது. கொடுப்பவன் மேலும் பெறுபவன் கீழுமாக நிற்பது. ஒப்புரவோ உலகத்தோடு கூடி வாழ்பவன் அறிந்து செய்யவேண்டிய கடமை; அதில் மேலோர் கீழோர் இல்லை. ஒப்புரவு செய்தல் என்னாது ஒப்புரவறிதல் என்று தலைப்பிட்டமையும் நோக்கற்பாலது. எது முறை என்று முதலில் அறியவேண்டும். செயல் அதன் வழி வரும்.

பேருந்தில் உள்ள அந்த ஒன்றே கால் மீட்டர்ச் சொச்சம் இடத்தை ஈகை என்று கருதினால், கொடுப்பதும் மறுப்பதும் முன்னே வந்து நிற்பவரின் மனத்தைப் பொறுத்தனவாகின்றன. சக்கர நாற்காலியில் வருபவர் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வண்டியிலும், அறியாதவர் ஒருவரின் இரக்கத்தை இரந்து நிற்க நேரும். அதனையே ஒப்புரவு என்று கருதினால் வரிசை தெளிவாகின்றது. நாற்காலி வருமளவும் தள்ளுவண்டி நிற்கலாம். நாற்காலி வந்தால் தள்ளுவண்டி மடங்கவேண்டும். மடங்க இயலாத உண்மைக் காரணம் இருப்பின் ஓட்டுநர் அறிந்து ஆவன செய்யவேண்டும். தாய் அந்த இடத்தை இழந்தாலும் பயணத்தை இழப்பதில்லை. மற்றவரோ இடத்தை இழந்தாற் பயணத்தையே இழக்கின்றார்.

ஆயின், மெலிந்தோர் இருவரை ஒரு சாண் இடத்துக்குப் பொருதவிட்டு, வண்டியைச் செய்தவரும் ஓட்டுவிப்பவரும் ஒதுங்கி நிற்பது நேர்மையாகாது. மடக்கி நிமிர்த்தும் இருக்கைகளால் இரண்டாவது இடம் ஒன்றை உண்டாக்குவது பொறியியலுக்கு அரிய செயல் அன்று. போர்விமானத்தின் சக்கரத்தை மடக்கக் கற்ற கைதான் குழந்தை வண்டியையும் மடக்கியது. ஓட்டுநர்க்கு ஐந்து நிமிடம் பொறுத்து நிற்கும் உரிமையை விதியிலேயே எழுதுவதும், சாய்தளத்தின் முனை வந்து பொருந்தும்படி நிறுத்தத்தின் கரையை உயர்த்துவதும் பெருஞ்செலவின அல்ல.

புக்கிட் ரோத்தான் சாலையோரத்தில் குழந்தையோடு நிற்கும் தாய்க்கு இன்று இவ்வழக்கு தொலைவானதாகத் தோன்றலாம். அவளே முதியவளாகும் நாளில், அவள் மகன் அவளை நாற்காலியில் வைத்து அதே நிறுத்தத்தில் நிற்கக்கூடும். அன்று வரும் பேருந்திற் படி இருக்குமா, இடம் இருக்குமா, அவ்விடத்தை விட்டுத் தரவேண்டும் என்று அறிந்தவர் இருப்பாரா என்பன இன்று முடிவு செய்யப்பட வேண்டியவை.